வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பதும் படமெடுப்பதும்

"கோட்டை இருக்கு, ராஜா இல்லை, கோயில் இருக்கு, சாமி இல்லை, ஆறு இருக்கு, தண்ணி இல்லை, மலை இருக்கு, மரம் இல்லை" என்று வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிக்கொள்ளும் பழைய பேச்சு ஒன்று உண்டு. அதில் இரண்டாவது வரி 1981ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் பொய்யாகிவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்த கோட்டைக் கோயிலில் ஜலகண்டேஸ்வரர் அன்று மீண்டும் எழுந்தருளினார். மற்ற வரிகளில் எது எவ்வளவு உண்மை என்பதை, கேமராவோடு ஒரு முழு நாளைக் கோட்டையில் செலவிடுகிறவர் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கோட்டை ஏதோ ஒரு மலையுச்சியிலோ காட்டுக்கு நடுவிலோ இல்லை. சுமார் 133 ஏக்கர் பரப்பில், அகழியும் மதிலுமாக, நகரத்தின் நடுவிலேயே சமதரையில் அமர்ந்திருக்கிறது. பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். காட்பாடி சந்திப்பில் ரயிலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு நகரப் பேருந்தும் ஆட்டோவும் எந்நேரமும் கிடைக்கும். இங்கே படமெடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, பேருந்தும் மின்கம்பியும் விளம்பரப் பலகையும் சட்டகத்துக்குள் வந்துவிடாதபடி ஒதுக்கிவிட்டு, மதிலையும் நீரையும் மட்டும் எடுப்பதுதான். அப்படி எடுத்த படம் அழகாக இருக்கலாம். ஆனால் அது வேலூர்க் கோட்டை ஆகாது. நகரம் இந்தக் கோட்டையைச் சுற்றி வளர்ந்தது. இன்றும் இதற்குள் வந்து சாமி கும்பிடுகிறது, நடைப்பயிற்சி செய்கிறது, மாலையில் புல்தரையில் உட்கார்ந்து இளைப்பாறுகிறது. கல்லையும் ஊரையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதுதான் பல முறை போய்வந்த பிறகு எனக்குத் தெளிவான விஷயம். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அதற்கான வழிகளே.

எப்போது போவது

வேலூரை "வெயிலூர்" என்று சொல்வது வெறும் சொல்விளையாட்டு அன்று. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். கருங்கல் மதில் பகல் முழுவதும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மாலையிலும் அனலடிக்கும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான காலமே சிறந்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் அகழியில் நீர் நிறைந்திருக்கும், தூசி அடங்கிக் காற்று தெளிந்திருக்கும், மலைகள் அருகில் வந்ததுபோல் தெரியும். ஆனால் மழை ஓயும் முன்பே போய்விடக் கூடாது. 2021 நவம்பரில் பெய்த கனமழையில் அகழி நிரம்பி, கோயிலுக்குள்ளேயே நீர் புகுந்து தேங்கி நின்றது. நீரோடு தொடர்புள்ள பெயரைத் தாங்கிய இறைவனின் சந்நிதி அது என்பதை அந்த நாட்கள் எல்லோருக்கும் நினைவூட்டின.

கோட்டையின் வாயில் கிழக்கே, நகரத்தைப் பார்த்து இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து மதிலை எடுப்பதற்குக் காலை நேரமும், மதில்மேல் நின்று நகரத்தையும் மலைகளையும் எடுப்பதற்கு மாலை நேரமும் உகந்தவை. ஊருக்குக் கிழக்கே மலைகள் எழுந்து நிற்பதால், ஜனவரியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதித்தாலும் ஒளி மதிலைத் தொடுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவேளையை வீணென்று எண்ண வேண்டாம். அகழியின் நீர்மேல் காற்று அசையாமல் இருக்கும் நேரம் அதுதான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க விரும்புகிறவர், காலை ஆறரைக்கு அகழிக்கரை, எட்டு மணிக்குமேல் கோயில், பகலில் அருங்காட்சியகம், நான்கு மணிக்குமேல் மதில்மேல் என்று திட்டமிடலாம். மதியம் கோயில் நடை சாத்தப்படும் என்பதையும், அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை.

எதை எடுத்துக்கொண்டு போவது

கைப்பேசியே போதும் என்று நினைப்பவர் அதைக் கொண்டே நல்ல படங்களை எடுக்க முடியும். அதைப் பற்றிய தயக்கம் வேண்டாம். கேமரா வைத்திருப்பவருக்கு 24 முதல் 70 மி.மீ. வரையிலான ஜூம் லென்ஸ் ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். கோயிலின் தூண்களுக்கு 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. அளவில், ஒளியை நிறைய உள்வாங்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. தொலைவில் உள்ளதை அருகே இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அதை வீட்டில் விட்டுவிட வேண்டாம். பின்னால் மதில்மேல் அதற்கு வேலை இருக்கிறது.

ட்ரைபாட் விஷயத்தில் கவனம் தேவை. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். கையில் பிடித்துப் படமெடுப்பதற்குத் தடை இல்லை. ஆனால் ட்ரைபாட் நிறுத்துவதற்கும் செயற்கை விளக்குகள் வைப்பதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இதை அறியாமல் ஒரு முறை அதிகாலையில் ட்ரைபாடை விரித்து வைத்துவிட்டு, காவலர் ஒருவர் வந்து மடிக்கச் சொன்னபோது, ஒளி மாறிக்கொண்டிருந்த பத்து நிமிடங்களை அவரோடு பேசியே இழந்தேன். தவறு என்னுடையதுதான். அதன் பிறகு ஒரு சிறிய துணிப்பையில் அரிசி நிரப்பி எடுத்துச் செல்கிறேன்; கைப்பிடிச் சுவர்மேல் அதை வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி உட்காரவைத்து, இரண்டு நொடி டைமரில் எடுத்தால், கால் நொடி எக்ஸ்போஷர் கூட ஆடாமல் வரும். ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிட முடியாது. அரசு அலுவலகங்களும் காவலர் பயிற்சி நடைபெறும் இடங்களும் உள்ள வளாகம் என்பதால், காவல்துறைக் கட்டடங்களை நோக்கிச் சாதாரணக் கேமராவைக்கூடத் திருப்பாமல் இருப்பதே முறை.

அகழிக்கரையில்

முதல் அரை மணி நேரம் படமெடுக்காமல் நடக்க வேண்டும். கிழக்குப் பக்கம் சாலையை ஒட்டி நடந்தால், மதில் ஒற்றையாக இல்லை, இரட்டையாக இருக்கிறது என்பது புலப்படும். நீரிலிருந்து நேரே எழும் தாழ்ந்த வெளிமதில் ஒன்று. அதற்குப் பின்னால் உயர்ந்த உள்மதில் இன்னொன்று. உள்மதிலில் வட்டக் கொத்தளங்களும், செவ்வகமாக முன்னே துருத்திய பகுதிகளும், சம இடைவெளி இல்லாமல் மாறி மாறி வருகின்றன. அழகுக்காகச் செய்த ஏற்பாடு அன்று இது. மதிலின் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் பகைவனைப் பக்கவாட்டிலிருந்து சுடுவதற்கு, மதிலே அங்கங்கே முன்னால் வந்து நிற்க வேண்டும். மதிலின் மேல்விளிம்பில் பல்வரிசைபோல் இருக்கும் மறைப்புகளை நம் பழைய இலக்கியம் "ஞாயில்" என்று சொல்லும். புறப்பாடல்களில் படித்த சொல்லை இங்கே கண்ணால் பார்க்கலாம்.

16ஆம் நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசர் சதாசிவ ராயரின் கீழிருந்த சின்ன பொம்மி நாயக்கரும் திம்ம ரெட்டி நாயக்கரும் இதைக் கட்டியதாக வரலாறு சொல்கிறது. பின்னர் பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர்கள், முகலாயர்கள், ஆற்காட்டு நவாபுகள், ஆங்கிலேயர்கள் என்று கை மாறிக்கொண்டே வந்தது. மராத்தியர்கள் 1677–78இல் இதைப் பிடிக்கப் பதினான்கு மாதங்கள் முற்றுகையிட வேண்டியிருந்தது. அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்தன என்றும், மதில்மேல் இரண்டு மாட்டு வண்டிகள் அருகருகே போகலாம் என்றும் பழைய மராத்தியக் குறிப்பு ஒன்று பேசுகிறது. முதலைக் கணக்கை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டிக் கணக்கை நீங்களே மேலே போய்ச் சரிபார்க்கலாம்.

பிரதிபலிப்புப் படத்துக்கு நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகே கேமரா இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் கீழே இருக்கும்படி பிடித்தால், நீரில் விழும் மதில் முழுமையாகக் கிடைக்கும். போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும், அல்லது திருப்பிச் சரிபார்க்க வேண்டும்; வானத்தை நீலமாக்க உதவும் அதே கண்ணாடி, நீரிலுள்ள பிம்பத்தை அழித்துவிடவும் கூடும். கருங்கல் மதிலும் வெளுத்த வானமும் ஒரே படத்தில் வரும்போது, வானம் வெந்து வெள்ளையாகிவிடாதபடி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, சற்றுக் குறைத்து எடுத்து, கல்லின் நிழற்பகுதியைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்வதே பாதுகாப்பு. கேமரா பதிந்த ஒளித்தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்திருந்தால் இது எளிது.

இதோடு நகரத்தையும் உள்ளே கொண்டுவர வேண்டும். சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று, ஷட்டர் வேகத்தை 1/15 நொடி வாக்கில் வைத்து, பேருந்து ஒன்று கடக்கும்போது எடுங்கள். பேருந்து ஒரு நிறக்கோடாக இழுபட்டுப் போகும். அதற்குப் பின்னால் நானூற்று ஐம்பது ஆண்டுகளாக அசையாத மதில் கூர்மையாக நிற்கும். பத்துப் படம் எடுத்தால் ஒன்று சரியாக வரும். அந்த ஒன்று போதும்.

கோயிலுக்குள்

கோட்டைக்குள் நுழைந்து கோபுரத்தை நோக்கி நடக்கும்போது, கேமராவை அண்ணாந்து பிடித்து ஏழு நிலைக் கோபுரத்தை எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய், கேமராவைத் தரைக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து எடுத்து, கீழ்ப்பகுதியை வெட்டிக்கொள்வது நல்லது. வெட்டாமலும் விடலாம், கீழே செருப்பு கழற்றுகிறவர்களும் பூ விற்கிறவர்களும் வந்தால், கோபுரத்தின் உயரத்துக்கு அவர்களே அளவுகோல் ஆவார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது வழிபாட்டுத் தலம். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசி பயன்படுத்தத் தடை விதிக்குமாறு உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே வாயிலில் இருப்பவரிடம் எதுவரை எடுக்கலாம் என்று கேட்டுவிட்டே கேமராவை வெளியே எடுக்க வேண்டும். கருவறையையும் அம்மன் சந்நிதியையும் எடுக்கவே கூடாது. கும்பிட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தை எதிரே நின்று எடுப்பதும் அதற்குச் சற்றும் குறையாத தவறு.

வெளிப்பிராகாரத்தில் நுழைந்ததும் இடப்புறம் இருப்பது கல்யாண மண்டபம். வேலூருக்கு வர வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டாலும், இதற்காக மட்டும் வரலாம். முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள், அவற்றின்மேல் வீரர்கள், யாளிகள், அவற்றின் காலடியில் சிறு சிறு உருவங்கள் என்று ஒவ்வொரு தூணும் தனித்தனியாக அரை மணி நேரம் கேட்கும். இந்த மண்டபத்தை அப்படியே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஆங்கிலேயர்கள் திட்டமிட்டதாகவும், அதற்காக வந்த கப்பல் மூழ்கிவிட்டதால் அது நின்றுபோனதாகவும் ஒரு கதை சொல்லப்படுகிறது. தூணின் முன் நிற்கும்போது, அப்படி ஒருவன் ஆசைப்பட்டிருப்பான் என்று நம்பத் தோன்றுகிறது. கோட்டை போர்க்களமாக இருந்த காலங்களில் இதே கோயில் படைக்கலக் கொட்டிலாகப் பயன்பட்டது. மூலவர் சத்துவாச்சாரியில் தங்கியிருந்தார்.

மண்டபத்தில் ஒளி குறைவு; ஃபிளாஷ் போட்டால் கல் தட்டையாகிவிடும், செதுக்கலின் ஆழம் காணாமல் போகும். சூரியன் நன்றாக ஏறி, வெளியே முற்றத்துக் கல் தரையில் வெயில் விழும் வேளையில் போக வேண்டும். அந்தத் தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளி, மண்டபத்துக்குள் கீழிருந்து மேலாகவும் பக்கவாட்டிலும் மென்மையாகப் பரவும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 4, ஷட்டர் 1/60 நொடி என்று தொடங்கி, படத்தைப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். தூணை நேர் எதிரே நின்று எடுத்தால் குதிரை, சுவரில் ஒட்டிய பொம்மைபோல் தெரியும்; ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் அதன் கழுத்து தூணை விட்டுப் பிரிந்து முன்னே வருவது தெரியும். பின்னணியில் இருட்டு இருக்கும் கோணத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பின்னால் வெயில் படும் முற்றம் வந்தால் கண் அங்கேதான் ஓடும்.

தேடிப் பார்க்க வேண்டிய சிற்பம் ஒன்று உண்டு. காளையும் யானையும் எதிரெதிரே நின்று ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிறிய செதுக்கல் அது. ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைத்தால் எஞ்சியிருப்பது முழு யானை. கையை மறுபக்கம் மாற்றினால், சற்று முன் துதிக்கையாகத் தெரிந்ததே காளையின் உடலோடு சேர்ந்துவிடும், தந்தமாகத் தெரிந்தது கொம்பாகிவிடும். இதை எடுக்கும்போது மட்டும் நேர் எதிரே, சிற்பத்தின் மட்டத்துக்குக் குனிந்து, மிகச் சரியாக நடுவில் நிற்க வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் ஒரு விலங்கு மற்றதை விழுங்கிவிடும். ஒளி பக்கத்திலிருந்து வராவிட்டால், உடன் வந்தவரை வெள்ளைக் கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நிற்கச் சொல்லுங்கள். அந்த அளவு வெளிச்சமே செதுக்கலின் கோடுகளை எழுப்பிக் காட்டும். கையால் மறைத்து இரண்டு படமும், மறைக்காமல் ஒரு படமுமாக மூன்று எடுத்து வரிசையாக வைத்தால், வீட்டில் உள்ள குழந்தைக்கும் சிற்பியின் கணக்குப் புரிந்துவிடும்.

விதானத்தையும் மறக்கக் கூடாது. நடுவில் தாமரையும் அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளுமாக ஒரு வட்டம் இருக்கிறது. கழுத்தை ஒடித்துக்கொண்டு எடுத்தால் அது நீள்வட்டமாகத்தான் வரும். அனுமதி இருந்தால், கைப்பேசியை முகப்புக் கேமரா மேலே பார்க்கும்படி தரையில் கிடத்தி, தாமரைக்கு நேர் கீழே வைத்து, பத்து நொடி டைமர் போட்டு விலகிக்கொள்ளுங்கள்; வட்டம் வட்டமாகவே கிடைக்கும்.

சிற்பங்களைத் தொடாதீர்கள், அவற்றின்மேல் சாயாதீர்கள், பை மாட்டாதீர்கள். மனிதக் கைகள் பட்டுப் பட்டே பல உருவங்களின் மூக்கு மழுங்கியிருக்கிறது.

மதில்மேலும் 1806ஆம் ஆண்டும்

மாலை நான்கு மணிக்குமேல் மதில்மேல் ஏறலாம். பல இடங்களில் கைப்பிடி இல்லை. கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்வது உயிருக்கு ஆபத்து. நின்று எடுங்கள், பிறகு நடங்கள், மறுபடி நின்று எடுங்கள்.

இங்கே நிற்கும்போது என்ன நடந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்திருந்தால் படமும் மாறும். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின், திப்பு சுல்தானின் குடும்பத்தாரை ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையில் காவலில் வைத்தார்கள். 1806இல் இந்தியச் சிப்பாய்களுக்குப் புதிய வகைத் தலைப்பாகை வந்தது. சமயக் குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது என்ற ஆணைகளும் வந்தன. அந்த ஆண்டு ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆங்கிலேயரின் 69ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். மைசூர்க் கொடி கோட்டைமேல் ஏறியது. செய்தி ஆற்காட்டுக்குப் போய், சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கில்லெஸ்பி என்ற ஆங்கிலப் படை அதிகாரி குதிரைப்படையோடு விரைந்து வந்தார். அவரைக் கயிறு கட்டி இந்த மதில்மேல் தூக்கினார்கள். பின்னர் பீரங்கியால் கதவு உடைக்கப்பட்டது. அதன் பிறகு நடந்தது படுகொலை. அரண்மனையில் ஒளிந்திருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, ஒரு சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். எல்லாம் ஒரே நாளில் தொடங்கி அன்றே முடிந்தது. 1857க்கு ஐம்பத்தோரு ஆண்டுகள் முன்பு நடந்த இந்த எழுச்சியைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம் என்பது எனக்கு ஆறாத குறை.

இதைப் படத்தில் எப்படிக் கொண்டுவருவது? நடிப்பாக எதையும் செய்ய வேண்டாம். வாயிலுக்கு மேலே உள்ள மதிலிலிருந்து கீழே பார்த்து, உயரம் தெரியும்படி ஒரு படம். வளைந்து வளைந்து உள்ளே வரும் வழியை, அதில் நடந்துவரும் ஒரு மனிதரோடு சேர்த்து மேலிருந்து ஒரு படம். சுட ஏதுவாக மதிலில் விட்டிருக்கும் துளை வழியாக, வெளியே ஓடும் சாலையை எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு படம். மூன்றாவது படத்தில் துளையின் விளிம்பு இருட்டாகவும், நகரம் வெளிச்சமாகவும் இருக்கட்டும். ஒளி அளவைச் சாலையில் வைத்து எடுத்தால் அது தானாக அமையும்.

டெலி லென்ஸுக்கு இப்போது வேலை வருகிறது. மேற்கே சாயும் சூரியன் கிழக்கு மலைகள்மேல் விழும் நேரம் இது. மலையுச்சியில் சஜ்ரா, கொஜ்ரா கோட்டைகளின் சுவர்க்கோடு தெரியும். கீழ்க்கோட்டையை நெருக்குவதற்காக மராத்தியர்கள் தங்கிய இடங்களோடு தொடர்புடையவை அவை. 200 மி.மீ. லென்ஸில், முன்னால் மதிலின் ஞாயில் வரிசை, நடுவில் நகரத்து மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும், பின்னால் செம்மை படர்ந்த மலையும் கோட்டையும் என்று மூன்று அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி வரும். நகரத்தை நடுவில் விட்டுவிடாமல் எடுக்கும் படம் இதைவிட நன்றாக அமைய வேறு இடம் கோட்டையில் இல்லை.

மற்றவை

1846இல் கட்டிய புனித யோவான் தேவாலயமும், பழைய மசூதி ஒன்றும் கோயிலைப் போலவே இதே மதிலுக்குள் இருக்கின்றன. வெளிறிய சுவர் கொண்ட கட்டடங்களை எடுக்கும்போது கேமரா ஏமாந்து படத்தை மங்கலாக்கும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பாக்கும் ஒரு படி) கூட்டிக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகத்தில் கேமராவுக்கான விதியை நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். அங்கே எடுப்பதைவிடப் பார்ப்பதும் குறிப்பெடுப்பதும்தான் பயன்.

கோட்டைக்கு வெளியே இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மக்கான் சந்திப்பில், கோட்டைக்கு எதிரே, 1806 வீரர்களுக்கான நினைவுத்தூண் நிற்கிறது. ஜூலை 10 அன்று போனால் அங்கே மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துவதைக் காணலாம். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பிடித்த ஆங்கிலேயர்கள், பின்னர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள்; 1832 ஜனவரி 30 அன்று அவர் இங்கேயே இறந்தார். அவருடைய கல்லறை இருக்கும் இடம் அது. இலங்கையிலிருந்து வரும் தமிழர்களும் சிங்களவர்களும் கோட்டையைப் பார்த்துவிட்டு அங்கே போகாமல் திரும்பக் கூடாது. அங்கே அகலக் கோணம் வேண்டாம். கல்லறையை நெருங்கி, ஒரே ஒளியில், அமைதியாக ஒரு படம் போதும்.

மனிதர்களை எடுப்பது

மாலையில் கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்தால் தமிழைவிட வங்காளியும் இந்தியும் கூடுதலாகக் காதில் விழும் நாட்கள் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு நாட்டின் கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து நோயாளிகளை அழைத்து வந்தவர்கள், சோதனை முடிவுக்கோ அறுவைச் சிகிச்சைத் தேதிக்கோ காத்திருக்கும் வாரங்களில், சற்று மூச்சுவிட இங்கே வருகிறார்கள். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியபடி நடக்கும் முதியவர்களையும், முகக்கவசம் அணிந்த குழந்தைகளையும் காணலாம். தூரத்திலிருந்து டெலி லென்ஸில் அவர்களை எடுக்காதீர்கள். நோயின் நடுவே கிடைத்த ஓர் ஓய்வான மாலை அது. அதைத் திருடக் கூடாது.

எடுக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் பக்கத்தில் போய்ப் பேசுங்கள். ஒரு முறை, மதிலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியிடம் கோட்டையின் கதையை எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். கேட்டுவிட்டு அந்தப் பெரியவர் தாமாகவே, "எங்களை இந்தச் சுவருக்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?" என்றார். மதில் பெரிதாகவும் அவர்கள் இருவரும் சிறிதாகவும் ஒன்று, முகங்கள் தெளிவாக இன்னொன்று என்று எடுத்து, அவர் கைப்பேசிக்கே அனுப்பிவிட்டு, என்னிடமிருந்ததை அழித்துவிட்டேன். படம் யாருக்காக எடுக்கப்படுகிறதோ அவர்களிடம் இருந்தால் போதும்.

இருட்டும் வேளையில்

சூரியன் மறைந்து இருபது நிமிடங்களுக்குள், வானம் கருநீலமாக இருக்கும்போதே தெருவிளக்குகள் எரிந்துவிடும். மறுபடி அகழிக்கரைக்கு வந்து, அரிசிப்பையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 என்று வைத்து எடுங்கள். நகரத்து விளக்குகள் நீரில் நீண்டு ஆடும். மதில் கருங்கோடாகப் படுத்திருக்கும். முழு இருட்டு வந்தபின் வானமும் மதிலும் ஒன்றாகிவிடும் என்பதால் இதற்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் மணி நேரம் மட்டுமே.

வீட்டுக்கு வந்து படங்களுக்குக் குறிப்பு எழுதும்போது, இடம், பக்கம், நாள் மூன்றையும் தவறாமல் பதியுங்கள். இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. மதிலின் கல்லிடுக்குகளில் அரசமரக் கன்றுகள் வேர்விட்டுக்கொண்டே இருக்கின்றன. பிடுங்கப் பிடுங்க வேறோரிடத்தில் முளைக்கின்றன. ஒவ்வொரு முறை போகும்போதும், வாயிலுக்கு அருகே உள்ள ஒரே கொத்தளத்தை, ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸில் ஒரு படம் எடுத்து வைக்கிறேன். முதல் ஆண்டுப் படத்தில் இரண்டு இலையாக இருந்த கன்று, மூன்றாம் ஆண்டுப் படத்தில் என் மணிக்கட்டுப் பருமனுக்கு வந்து, மேலிருந்த கல்லைத் தள்ளியிருந்தது. நாளிட்ட அந்தப் படங்களைச் சேர்த்துக் காட்டியபோதுதான், அங்கே பணியில் இருந்தவர் கன்றைக் குறித்துக்கொண்டார். நீங்களும் ஒரு கொத்தளத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது பழைய படத்தைக் கைப்பேசியில் திறந்துவைத்து, அதே கல்லுக்கு எதிரே நின்றால், கல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.